அப்பா கத்தரித்து வைத்த செய்தி: காதுக்கான மரபணு சிகிச்சையைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

அப்பா பேப்பரிலிருந்து ஒரு செய்தியைக் கத்தரித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கே வந்துவிட்டார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ராத்திரி சாப்பிடும்போது கேட்டிருக்கலாம். ஆனால் வில்லிவாக்கத்தில் பஸ் ஏறி, அயனாவரத்தில் இறங்கி, பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்து, தன் முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தார். "காதுக்குள்ள செத்துப்போன செல்லை மறுபடியும் வளர வைக்கிறாங்களாம். எனக்கு எப்பம்மா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு 71 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஓடும் பட்டறை ஒன்றில் 28 வருடம் வேலை பார்த்தவர். தகரத்தை அச்சில் வைத்து மிதித்தால் 'டம்' என்று விழும். அந்தச் சத்தம் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை. காதில் வைத்துக்கொள்ள யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நான் ஆடியாலஜிஸ்ட். 21 வருடமாகக் காது டெஸ்ட் எடுக்கிறேன். என்னைப் படிக்க வைத்தது அந்தப் பட்டறைச் சம்பளம்.

அன்று அப்பாவுக்கு அரை மணி நேரம் சொன்னதையும், இதே மாதிரி செய்தியைச் செல்போனில் காட்டிக்கொண்டு வரும் பெற்றோர்களிடம் தினமும் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது காது கேட்கவில்லை, மரபணு சிகிச்சை என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கிறது என்றால், எங்கே தொடங்குவது, எதை நம்புவது, எதற்காகக் காத்திருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதலில் உங்கள் ஃபைலை எடுங்கள்

செய்தியைப் பிறகு பார்க்கலாம். உங்கள் காதில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசியும் பயனில்லை. பாதிப் பேர் என்னிடம் வரும்போது "நரம்பு வீக்குன்னு சொன்னாங்க மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன.

காதின் உட்பகுதியில் காக்ளியா என்று ஒன்று இருக்கிறது. பட்டாணி அளவுதான். நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும். நீட்டி வைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் ஒலியை உணரும் ரோமச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசை ஒன்று, அதில் சுமார் 3,500. வெளிவரிசை மூன்று, அதில் சுமார் 12,000. ஒரு காதுக்கு மொத்தம் அவ்வளவுதான். கண்ணில் ஒளியை உணரும் செல்கள் சுமார் பத்துக் கோடி. காதில் இருப்பவர்களைச் சேப்பாக்கம் மைதானத்தில் உட்கார வைத்தால் பாதி இடம்கூட நிரம்பாது. பிறக்கும்போது கொண்டுவந்த இந்தச் செல்களில் ஒன்று செத்தால் மனிதக் காக்ளியாவில் அந்த இடத்துக்கு வேறொன்று வராது. அப்பாவின் கேள்வி முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

வெளிவரிசைச் செல்கள் வரும் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். உள்வரிசைச் செல்கள் அதை வாங்கி நரம்புக்கு அனுப்பும். கோளாறு இந்த இரண்டில் ஒன்றில் இருக்கலாம், நரம்பில் இருக்கலாம், செல்களைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில் இருக்கலாம்.

ஆகவே ஃபைலில் இருக்க வேண்டியவை: பெரியவர்களுக்கு ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் இருந்தால் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்), கூடவே வார்த்தைகள் எவ்வளவு புரிகின்றன என்று பார்க்கும் பேச்சுச் சோதனை. குழந்தைக்கு ஓஏஈ, பேரா இரண்டும்: முதலாவது வெளிவரிசைச் செல்களைப் பார்க்கும் டெஸ்ட், இரண்டாவது ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ஆடியோகிராமில் 'ஓ' வலது காது, 'எக்ஸ்' இடது காது. கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, டெசிபெல் என்பது சத்தத்தின் அளவு. அப்பாவின் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்த மாதிரி 70 டெசிபெல்லுக்கு இறங்கும். இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் அடிபடும். அதனால்தான் "கேட்குது, ஆனா புரியல" என்கிறார்கள். பேத்தி "சட்டை" என்றால் அப்பாவுக்குக் "கட்டை" என்று விழுகிறது. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் உயர்ந்த சுருதியில் இருப்பவை.

வருடா வருடம் எடுத்த ஆடியோகிராம்களைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் எந்தச் சிகிச்சைக்குப் போனாலும், காது எந்த வேகத்தில் மோசமானது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

செய்தியில் எதைத் தேடுவது

அப்பா கொண்டுவந்த துண்டில் தலைப்பு பெரிதாக இருந்தது. உள்ளே படித்தால் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பத்தியில் கலந்து கிடந்தன. வருகிற செய்திகளில் முக்கால்வாசி இப்படித்தான். அதனால் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு கேள்வி: செல் உயிரோடு இருந்து வேலை செய்யவில்லையா, அல்லது செல்லே செத்துவிட்டதா?

முதல் வகைக்கு மரபணு சிகிச்சை உண்மையிலேயே வந்துவிட்டது. ஓட்டோஃபெர்லின் என்று ஒரு புரதம். உள்வரிசைச் செல் தான் உணர்ந்த ஒலியை நரம்புக்குக் கைமாற்ற அது வேண்டும். அதை உண்டாக்கும் ஓடிஓஎஃப் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாக இருந்தால் குழந்தை காது கேட்காமல் பிறக்கும். ஆனால் ரோமச் செல்கள் அத்தனையும் இடத்தில் இருக்கும். விளக்கு, வயர், சுவிட்ச் எல்லாம் சரியாக இருந்து ஃபியூஸ் மட்டும் போன வீடு மாதிரி. நல்ல பிரதியை ஏஏவி என்ற தீங்கில்லாத வைரஸுக்குள் வைத்து, காக்ளியாவின் வட்டச் சாளரம் என்ற, மெல்லிய சவ்வு மூடிய திறப்பு வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். ஒரு சிக்கல் இருந்தது: இந்த மரபணு மிக நீளம், ஒரு வைரஸுக்குள் அடங்காது. அதனால் இரண்டாக வெட்டி இரண்டு வைரஸில் அனுப்பி, செல்லுக்குள் போன பிறகு ஒட்ட வைக்கிறார்கள். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

ஷாங்காயில் ஃபுதான் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2022 டிசம்பரில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான முடிவில், ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்திருந்தது. அதே மாதம் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பலன் கிடைத்ததை அறிவித்தது. 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 1 வயது முதல் 24 வயது வரை பத்துப் பேர். சராசரியாக 106 டெசிபெல் ஒலியைத்தான் உணர்ந்தவர்கள், ஆறு மாதத்தில் 52 டெசிபெல் ஒலியை உணர்ந்தார்கள். 106 என்பது பக்கத்தில் பட்டாசு வெடித்தால் லேசாகத் தெரியும் நிலை. 52 என்பது எதிரே உட்கார்ந்து பேசினால் கேட்கும் நிலை. இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

ஆனால் இது எதுவும் என் அப்பாவுக்கு உதவாது. அவர் செல்கள் செத்துவிட்டன.

செத்த செல்லை மறுபடி வளர்ப்பது இரண்டாவது வகை. இதில் மனிதக் காது இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த செய்தி வரும்போது நீங்களே எடைபோட முடியும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பறவைகளால் முடியும். 1987, 88 வாக்கில் கோழிக்குஞ்சுகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். பலத்த இரைச்சலாலோ மருந்தாலோ ரோமச் செல்கள் அழிந்த காதில், சில வாரங்களில் புதுச் செல்கள் முளைத்து நின்றன. பக்கத்தில் இருக்கும் துணைச் செல்களே பிரிந்து, உருமாறி, ரோமச் செல்களாகிவிடுகின்றன. மீன்களுக்கும் இது உண்டு. பாலூட்டிகள் எப்படியோ இந்தத் திறமையை இழந்துவிட்டன.

1999-ல் அடோ1 என்ற மரபணு இல்லாத எலியின் கருவில் ரோமச் செல்லே உருவாவதில்லை என்று தெரிந்தது. அப்படியானால் அந்த மரபணுவைத் துணைச் செல்லுக்குள் தட்டி எழுப்பினால் அது ரோமச் செல்லாகுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2005-ல் காது கெடுக்கப்பட்ட கினிப் பன்றிகளுக்கு வைரஸ் வழியாக அடோ1 கொடுத்தபோது, ரோமச் செல் மாதிரியானவை தோன்றின, கேட்கும் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. இன்னும் பத்து வருடத்தில் காது மெஷின் வேலையே இருக்காது என்று எங்களில் சிலர் பேசிக்கொண்டோம்.

2014-ல் நோவார்டிஸ் நிறுவனம் இதே அடோ1-ஐ மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. கடுமையான காதுகேளாமை உள்ள பெரியவர்கள், அமெரிக்காவில் சில மருத்துவமனைகள். ஆபத்து பெரிதாக இல்லை. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி கேட்கும் திறன் திரும்பவும் இல்லை. மரபணு இல்லாமல் மருந்தை ஊசியாகப் போட்டுச் செல்களைத் தூண்டப் பார்த்த இன்னொரு முயற்சி, எஃப்எக்ஸ்-322, 2023 பிப்ரவரியில் தோற்றது.

என்ன தடை? எனக்குத் தெரிந்த உவமையில் சொல்கிறேன். கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் தம்புரா போடுபவர்தான் துணைச் செல். பாடகர் போய்விட்டார், தம்புராக்காரரைப் பாட வைக்க வேண்டும். சின்ன வயதில் கேட்டால் கற்றுக்கொள்வார். வயது ஏறிவிட்டால், செல்லுக்குள் அந்த மரபணுக்கள் எல்லாம் இறுக்கிச் சுருட்டப்பட்டு அடியில் போய்விடுகின்றன. அடோ1 என்ற ஒரு சாவி மட்டும் அந்தப் பூட்டைத் திறக்காது. அதனால் இப்போது அடோ1-உடன் வேறு மரபணுக்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். திறந்தாலும் வருவது அரைகுறைச் செல்லாக இருக்கலாம். உள்வரிசைச் செல்லா, வெளிவரிசைச் செல்லா என்பதும் முக்கியம். அதைத் தீர்மானிப்பது டிபிஎக்ஸ்2 என்ற மரபணு என்பதே 2022-ல்தான் தெளிவானது. முளைத்த செல்லின் ரோமக் கற்றை சரியான திசையைப் பார்த்து நிற்க வேண்டும், நரம்பு வந்து கைகோக்க வேண்டும். எல்லாத் தம்புராக்காரரையும் பாட வைத்துவிட்டால் தம்புரா போட ஆள் இருக்காது; துணைச் செல் தீர்ந்துபோன காக்ளியா நிற்காது. பல வருடம் செவிடாகிக் கிடந்த காதில் துணைச் செல்களும் தட்டையாகி வெறும் தரை மாதிரி ஆகிவிடுவதுண்டு. அங்கே மாற்றுவதற்கே யாரும் இல்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு செய்தியைப் படியுங்கள். எந்த விலங்கு? மீன், கோழி என்றால் சந்தோஷப்படலாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டாம். எலி என்றால் அதன் வயது என்ன? இதைத்தான் எல்லாரும் தவற விடுகிறார்கள். எலிக்குட்டி பிறக்கும்போது அதற்குக் காது கேட்காது. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கேட்கத் தொடங்கும். நம் குழந்தைக்கோ வயிற்றுக்குள்ளேயே கேட்கும். வளைகாப்பில் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, அந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்கட்டும் என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, ஏழாம் மாதத்தில் அது உண்மையாகவே கேட்கிறது. அதனால் பிறந்த எலிக்குட்டியின் காது, மனிதக் கருவின் காதுக்குத்தான் சமம். முதல் வாரத்து எலிக்குட்டியில் துணைச் செல்களுக்குக் கொஞ்சம் உருமாறும் திறன் மிச்சம் இருக்கும், அப்புறம் போய்விடும். "எலிகளில் வெற்றி" என்று போட்டு, அது இரண்டு நாள் குட்டி என்றால், 71 வயதுக்காரர் அதைத் தன் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ந்த எலி என்றால் கவனித்துப் படியுங்கள். அந்த வேலையும் நடக்கிறது.

அடுத்து, எதை அளந்தார்கள்? நுண்ணோக்கியில் புதுச் செல்களை எண்ணினார்களா, அல்லது அந்த விலங்குக்கு பேரா எடுத்துக் கேட்கும் திறன் கூடியதைக் காட்டினார்களா? செல் முளைப்பது வேறு, கேட்பது வேறு.

குழந்தை என்றால் நாள் கணக்குப் பாருங்கள்

இந்தப் பகுதிதான் எனக்கு மிக முக்கியம்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். ஒன்று, மூன்று, ஆறு என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பல இடங்களில் முதல் சோதனையாக ஓஏஈ மட்டும் எடுக்கிறார்கள். காதில் சின்னக் குமிழ் வைத்து ஒலி அனுப்பினால், வெளிவரிசைச் செல்கள் பதிலுக்கு ஒரு எதிரொலி தரும். அதைப் பிடிக்கும் டெஸ்ட் அது. ஓட்டோஃபெர்லின் கோளாறில் வெளிவரிசைச் செல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. எதிரொலி வரும். "பாஸ்" என்று சீட்டு கிடைக்கும். ஆனால் குழந்தைக்கு எதுவும் கேட்காது. பேரா எடுத்தால்தான் நரம்பு வழியாக மூளைக்கு எதுவும் போகவில்லை என்று தெரியும். மரபணு சிகிச்சை இன்று எந்தக் குழந்தைக்கு வேலை செய்கிறதோ, அந்தக் குழந்தையைத்தான் இந்தச் சீட்டு தவற விடுகிறது. அதனால் ஓஏஈ பாஸ் ஆகியிருந்தாலும், சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று தாய்க்குத் தோன்றினால் பேரா கேளுங்கள். "பையன் லேட்டா பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்காராதீர்கள். பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்து ரத்தம் மாற்றிய குழந்தைகளுக்கும் ஓஏஈ இருந்து பேரா இல்லாத நிலை வரலாம். அது மரபணுவால் வந்தது ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேராவுக்குக் கூட்டிவரும்போது குழந்தையைக் காலையில் சீக்கிரம் எழுப்பி விடுங்கள், வழியில் தூங்க விடாதீர்கள். தூக்கத்தில்தான் எடுக்க முடியும். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலெக்ட்ரோடு ஒட்டாது. பவுடரும் வேண்டாம். தூங்க சிரப் கொடுக்க வேண்டி வரலாம், அதனால் பால் எப்போது கொடுக்கலாம் என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

இழப்பு உறுதியானால் மரபணு டெஸ்ட். ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். முடிவு வர வாரக் கணக்காகும். நம் நாட்டில் அடிக்கடி வருவது ஜிஜேபி2 என்ற மரபணு. அதிலும் டபிள்யூ24எக்ஸ் என்ற ஒரு மாற்றம். இது துணைச் செல்களில் வேலை செய்யும் கனெக்சின் 26 புரதத்தைக் கெடுக்கிறது. ஓடிஓஎஃப் அதைவிட அபூர்வம். பிறவிக் காதுகேளாமையில் நூற்றுக்கு ஒன்று முதல் எட்டுப் பேர் வரை என்பார்கள். ஷாங்காயில் கொடுத்த மருந்து ஜிஜேபி2 குழந்தைக்கு உதவாது. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மருந்து வேண்டும். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை, தமிழ்க் குடும்பங்களில் இந்தக் காதுகேளாமை மரபணுக்களைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறது.

முடிவு வாங்கப் போகும்போது கணவன் மனைவி இரண்டு பேரும் போங்கள். தாய்மாமன் கல்யாணம், அத்தை மகன் கல்யாணம் என்றால் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். இரண்டு பேரிடமும் ஒரே பழுது ஒவ்வொரு பிரதியில் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் யார் மேலும் குற்றமில்லை. மாமியார் மருமகளைப் பார்க்கும் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழுது எப்போதும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாக வந்தால்தான் இந்தக் காதுகேளாமை வரும் என்று அந்த அம்மாவிடமே படம் போட்டுக் காட்டுவேன்.

அப்புறம், காத்திருக்காதீர்கள். செங்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பெண் குழந்தை, 14 மாதத்தில் என்னிடம் வந்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றிச் சொன்னேன்; ஆபரேஷன் செய்து காக்ளியாவுக்குள் வைத்து, நரம்பை நேராகத் தூண்டும் மின் கருவி அது. "ஜீன் மருந்து வருதாமே, மண்டையில ஆபரேஷன் எதுக்கு" என்று யாரோ சொல்ல, போய்விட்டார்கள். நானும் இரண்டு தடவை போன் செய்துவிட்டு விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை செய்திருக்க வேண்டும். நாலு வயது தாண்டி வந்தார்கள். மரபணு பார்த்தால் ஜிஜேபி2. அவர்கள் காத்திருந்த மருந்து அவளுக்கானதே இல்லை. ஐந்து வயதில் இம்ப்ளாண்ட் வைத்தது. இப்போது ஒன்பது. வார்த்தைகள் வருகின்றன, வாக்கியம் கோக்கத் தடுமாறுகிறாள். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் முதல் மூன்று வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது, எந்த வைரஸாலும் முடியாது.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்க வழி இருக்கிறது. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, இரண்டு பேருடைய ஆதார் எல்லாவற்றையும் பேரா ரிப்போர்ட் வந்த அன்றே தயார் செய்யுங்கள்.

"இம்ப்ளாண்ட் வைத்துவிட்டால் பின்னால் மரபணு சிகிச்சை கிடைக்காமல் போய்விடுமோ?" என்று கேட்கும் தகப்பன்மார்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓடிஓஎஃப் உறுதியான குழந்தைக்கு மட்டும் நான் அவசரப்படாமல், மரபணு நிபுணரையும் அறுவை மருத்துவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொல்வேன். ஒரு காதில் இம்ப்ளாண்ட் இருந்த குழந்தைகளுக்கு மறு காதில் மருந்து கொடுத்த ஆய்வுகள் உண்டு. இன்னொன்றும் அங்கே கேட்க வேண்டும்: ஏஏவி வைரஸை ஒரு தடவை கொடுத்தால் உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளும், இரண்டாம் தடவை அதையே கொடுப்பது சிரமம். மற்ற எல்லாக் குழந்தைக்கும் என் பதில் ஒன்றுதான்: இன்று கேட்க வையுங்கள்.

யாராவது பணம் கேட்டால்

கொளத்தூரில் ஒரு ஆசிரியர் தன் மகனுக்காக வேறொரு ஊரில் நாலரை லட்சம் கட்டினார். ஸ்டெம் செல் ஊசி, ரோமச் செல் முளைக்கும் என்று சொன்னார்களாம். ஊசிக்கு முன்னும் பின்னும் நானே ஆடியோகிராம் எடுத்தேன். கோடு ஒரு இம்மி நகரவில்லை. நகையை வைத்துக் கட்டிய பணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்குத் தவிர, ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. மரபணு சிகிச்சைக்கும் 2019-ல் தனி வழிகாட்டுதல் வந்திருக்கிறது. அதனால் யாராவது உங்களை ஒரு ஆய்வில் சேர்க்கிறேன் என்றால் சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் எல்லாம் அந்தப் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். புது மருந்தைச் சோதிப்பதற்கு உங்களிடமே லட்சக்கணக்கில் பணம் கேட்டால், அதை ஆய்வு என்று நம்பிவிடாதீர்கள்.

இருக்கும் செல்லைக் காப்பாற்றுங்கள்

முளைக்க வைக்கும் மருந்து ஒரு நாள் வந்தாலும், துணைச் செல்லும் நரம்பும் நல்ல நிலையில் இருக்கும் காதுக்குத்தான் முதலில் பலன் தரும். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும்; 100 டெசிபெல்லில் கால் மணி நேரம். பட்டறையில் இருப்பவர்கள் மருந்துக் கடையில் நுரைப் பஞ்சு அடைப்பான் கேளுங்கள், உருட்டி மெலிதாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். சும்மா வாயிலில் செருகினால் பயனில்லை. ஜென்டமைசின், அமிக்காசின், சில புற்றுநோய் மருந்துகள் ரோமச் செல்லைக் கொல்லக்கூடியவை. உயிர் காக்க வேண்டிய இடத்தில் அவற்றைத் தவிர்க்க முடியாது; ஆனால் தொடங்கும் முன்னும் நடுவிலும் ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அம்மா வழியில் யாருக்காவது இப்படி ஊசி போட்ட பிறகு காது போயிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தாய் வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் உண்டு, அது இருந்தால் கொஞ்சம் மருந்தே காதைக் கெடுத்துவிடும்.

அப்பாவுக்கு அன்று இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மணி ஒன்றரை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப எனக்கு இல்ல. பேத்தி காலத்துக்கு வரும்" என்றார். நான் பொய் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. ஆறு மாதமாக அலமாரியில் கிடந்த அவருடைய காது மெஷினை எடுத்து, உயர்ந்த சுருதியை மட்டும் கொஞ்சம் ஏற்றி, காதுக்குள் பொருந்தும் அச்சை மாற்றிக் கொடுத்தேன். இப்போது காலையில் பல் தேய்த்ததும் போட்டுக்கொள்கிறார். போன மாதம் ஆடியோகிராம் எடுத்தோம். 4000 ஹெர்ட்ஸில் போன வருடம் 70, இந்த வருடமும் 70. அந்தப் பேப்பர் துண்டை அவரே ஃபைலின் கடைசிப் பக்கத்தில் பின் அடித்து, ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு வைத்திருக்கிறார்.